தோற்ற பிறகு சொன்ன சொற்கள்

சிந்தித்துப் பாருங்கள்

உங்கள் குழு ஒரு போட்டியில் தோற்ற நாளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அன்று உங்களிடம் முதலில் பேசியவர் யார்? அவர் என்ன சொன்னார்? அந்தச் சொற்கள் உங்களுக்கு உதவினவா?

வாசிப்புப் பகுதி

போட்டி முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பேருந்தில் நீங்களும் ஒருநாள் அமர்ந்திருப்பீர்கள். வென்ற குழுவின் பேருந்தில் பாட்டும் கைத்தட்டலும் நிறைந்திருக்கும். தோற்ற குழுவின் பேருந்திலோ யாரோ ஒருவர் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து மூடும் ஓசைகூடப் பெரிதாகக் கேட்கும். எல்லாரும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிற்றுநரும் ஆசிரியரும் என்ன சொல்வது என்று தெரியாமல் முன் இருக்கையில் அமர்ந்திருப்பார்கள்.

தோற்றுப்போன பிள்ளைகளிடம் பெரியவர்கள் என்ன சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேட, அமெரிக்காவில் நடந்த ஓர் உண்மை நிகழ்வைப் பார்ப்போம்.

சிறுவர்களின் உலகப் போட்டி

பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லாத விளையாட்டு. அதற்கு நெருங்கிய உறவான சாஃப்ட்பாலை நம் பள்ளிகள் சிலவற்றின் திடலில் நீங்கள் பார்த்திருக்கலாம். பேஸ்பாலில் ஒருவர் பந்தை வீசுவார். எதிரணியைச் சேர்ந்தவர் அதை மட்டையால் அடித்துவிட்டு, சதுர வடிவில் அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வருவார். அப்படி ஒரு சுற்றை முழுமையாக முடித்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூன்று பேர் ஆட்டமிழந்ததும் அடுத்த அணி மட்டை பிடிக்கும்.

இந்த விளையாட்டுக்குக் கடிகாரம் கிடையாது. காற்பந்தில் நேரம் முடிந்தால் ஆட்டம் முடிந்துவிடும். பேஸ்பாலிலோ பின்தங்கிய அணியின் கடைசி ஆட்டக்காரர் ஆட்டமிழக்கும்வரை நம்பிக்கைக்கு இடமுண்டு. அதனாலேயே ஓர் ஓட்டத்தில் தோற்கும்போது வலி அதிகமாக இருக்கும். "இன்னும் ஒரே ஓர் அடி கிடைத்திருந்தால்..." என்ற எண்ணம் மனத்தைவிட்டு எளிதில் அகலாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள வில்லியம்ஸ்போர்ட் என்னும் ஊரில் 1939ஆம் ஆண்டு 'லிட்டில் லீக்' என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு தொடங்கப்பட்டது. 1947 முதல் அது ஒரு தொடர் போட்டியையும் நடத்தி வருகிறது. இன்று அது உலகத் தொடராக வளர்ந்திருக்கிறது. ஆகஸ்டு மாதத்தில் நடக்கும் இத்தொடரில் பல நாடுகளின் அணிகள் கலந்துகொள்கின்றன. சிறுவர்களுக்கு ஏற்றவாறு திடலின் அளவு குறைக்கப்பட்டிருக்கும். ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே ஏறத்தாழ 18 மீட்டர் தூரம்தான். பெரியவர்களின் ஆட்டத்தில் ஒன்பது சுற்றுகள் உண்டு. இங்கே ஆறு சுற்றுகள் மட்டுமே.

இந்தப் போட்டியில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அது வயது வரம்பு. பன்னிரண்டு வயதை ஒட்டியவர்கள் மட்டுமே இதில் ஆட முடியும். எனவே, இந்த ஆண்டு ஆடும் சிறுவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த ஆண்டு வாய்ப்பு இல்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

8–7

அமெரிக்க மாநிலங்களில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். அங்குள்ள கம்பர்லேண்ட் என்னும் சிற்றூரின் சிறுவர் அணி 2014ஆம் ஆண்டு உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. முதலில் சொந்த மாநிலத்திலும் பிறகு நியூ இங்கிலாந்து வட்டாரத்திலும் வென்றால்தான் இந்தக் கட்டத்தை எட்ட முடியும். எனவே, அந்த ஊரே தொலைக்காட்சியின் முன்னால் அமர்ந்திருந்தது.

ஆகஸ்டு 18ஆம் தேதி அந்த அணி சிகாகோ அணியை எதிர்த்து ஆடியது. தோற்கும் அணி தொடரைவிட்டு வெளியேற வேண்டிய ஆட்டம் அது. கடைசிவரை இழுபறியாகச் சென்ற ஆட்டத்தில் சிகாகோ 8–7 என்ற கணக்கில் வென்றது. ஒரே ஓர் ஓட்ட வித்தியாசத்தில் கம்பர்லேண்ட் சிறுவர்களின் கனவு முடிந்தது.

பயிற்றுநர் டேவ் பெலைல் அழுதுகொண்டிருந்த சிறுவர்களைத் திடலின் புல்வெளியில் ஒன்றுகூட்டினார். தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக அவர் சட்டையில் ஒலிவாங்கி பொருத்தப்பட்டிருந்தது. அதனால், ஒரு பயிற்றுநர் தம் அணியிடம் மட்டும் பேசிய பேச்சை நாடே கேட்டது. சில நாள்களில் இணையத்தின்வழி உலகின் பல மூலைகளுக்கும் அது சென்றது.

அவர் பேசியது

முதலில் அவர் சிறுவர்களைத் தலை நிமிரச் சொன்னார். உங்கள் கண்களை நான் பார்க்க வேண்டும் என்றார். தலை குனிந்திருப்பவரின் காதில் எந்தச் சொல்லும் சரியாக நுழையாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அடுத்து, அவர்களின் உழைப்பில் தமக்கு எந்த ஏமாற்றமும் இல்லை என்றார். அதற்குச் சான்றும் காட்டினார். ஆட்டத்தின் கணக்கு 8–7, பந்தை அடித்த கணக்கு 12–10, கடைசி ஆட்டக்காரர் வரை விடாமல் போராடினோம் என்று எண்ணிக் காட்டினார்.

பிறகு அவர் தம் மனத்தைத் திறந்தார். தமக்குக் கண்ணீர் வந்தால் அதற்கு ஒரே காரணம், இவர்களுக்குப் பயிற்சி அளிப்பது இதுவே கடைசி முறை என்பதுதான் என்றார். அழுவதில் தவறில்லை; இனி நாம் ஒன்றாக ஆடப்போவதில்லை, ஆனால் காலமெல்லாம் நண்பர்களாக இருப்போம் என்றும் சொன்னார்.

அவர்கள் தங்கள் ஊருக்கும் மாநிலத்திற்கும் எவ்வளவு மகிழ்ச்சியைத் தந்தார்கள் என்பதை நினைவூட்டினார். போராடுபவர்களையும் நேர்மையாக ஆடுபவர்களையும் மக்கள் விரும்புகிறார்கள் என்றார். இறுதியில் ஓர் அணி மட்டுமே வெற்றியாளராக இங்கிருந்து வெளியேற முடியும். ஆயினும், நீங்கள் உலகின் சிறந்த அணிகளுள் ஒன்று என்றார். பெற்றோர் உங்களை எண்ணிப் பெருமைப்படுகிறார்கள், அவர்களைப் போய்ப் பாருங்கள் என்றார். அதற்கு முன்பாக, எல்லாரும் ஒன்றாகக் கட்டியணைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சில நிமிடப் பேச்சுதான். ஆனால், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அவர் சொல்லாதவை

ஒருவருடைய பேச்சை ஆராயும்போது அவர் எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெலைல் நடுவரைக் குறை கூறவில்லை. எதிரணியைப் பழிக்கவில்லை. ஓர் ஓட்டத்தில் தோற்ற ஆட்டத்தில் யாரோ ஒருவர் விட்ட பந்தையோ தவறவிட்ட வாய்ப்பையோ சுட்டிக்காட்டுவது எளிது. அவர் எந்தச் சிறுவனின் பிழையையும் எடுத்துப் பேசவில்லை. அப்படிப் பேசியிருந்தால், பன்னிரண்டு வயதில் ஒரு சிறுவன் "என்னால்தான் தோற்றோம்" என்ற சுமையை வீட்டுக்குத் தூக்கிச் சென்றிருப்பான்.

"உண்மையில் நீங்கள்தான் வென்றீர்கள்" என்றும் அவர் சொல்லவில்லை. அது கேட்க இனிமையாக இருக்கும், ஆனால், பொய். எண்பலகையைப் பார்த்த சிறுவர்கள் அதை நம்பமாட்டார்கள். ஒரு பொய்யைச் சொன்னவர் அடுத்துச் சொல்லும் உண்மையான பாராட்டும் மதிப்பிழந்துவிடும். அவர் தோல்வியைத் தோல்வி என்றே ஏற்றுக்கொண்டு, அதற்குள் இருந்த நல்லவற்றை எடுத்துக் காட்டினார்.

"அடுத்த முறை வெல்லலாம்" என்ற சொற்களும் அவர் பேச்சில் இல்லை. தோற்றவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் அதுதான். ஆனால், வயது வரம்பை நினைத்துப் பாருங்கள். அந்த அணிக்கு அடுத்த முறை என்பதே இல்லை. எதிர்காலத்தைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாத நிலையில், அவர்கள் ஏற்கெனவே பெற்றிருந்தவற்றை அவர் கைகாட்டினார். நட்பு, ஊராரின் அன்பு, கடைசிவரை போராடிய நினைவு ஆகியவற்றை எந்த எண்பலகையாலும் அழிக்க முடியாது.

ஒரு மாற்றுக் கருத்து

"தோற்றவர்களை இப்படிப் பாராட்டினால் அவர்கள் எப்படி முன்னேறுவார்கள்? தவறுகளை எடுத்துச் சொன்னால்தானே திருந்துவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். இது நியாயமான கேள்விதான்.

தவறுகளைப் பேசத்தான் வேண்டும். ஆனால், அதற்குரிய நேரமும் இடமும் உண்டு. கண்ணீர் வழியும்போது, பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லப்படும் திருத்தம் திருத்தமாக மனத்தில் பதியாது, அவமானமாகவே பதியும். அதே திருத்தத்தை ஓரிரு நாள் கழித்துப் பயிற்சித் திடலில் தனியாகச் சொல்லலாம். "பந்து வருவதற்கு முன்பே உன் கால்களைத் தயாராக வைத்துக்கொள்" என்று தெளிவாகச் சொன்னால், ஆட்டக்காரர் அதை உடனே செய்து பார்க்க முடியும். "நீ கவனமாகவே ஆடவில்லை" என்ற பொதுவான குறை எவருக்கும் வழி காட்டாது.

பாராட்டுக்கும் இது பொருந்தும். "பரவாயில்லை, நன்றாகத்தான் ஆடினீர்கள்" என்ற வெற்றுப் பாராட்டு காற்றோடு போய்விடும். பெலைலின் பாராட்டில் எண்கள் இருந்தன. நடந்த நிகழ்ச்சிகள் இருந்தன. அதனால்தான் சிறுவர்கள் அதை நம்பினார்கள்.

பட்டம் மாறிய கதை

இந்த நிகழ்வுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. சிகாகோ அணி தொடர்ந்து ஆடி, அமெரிக்கப் பட்டத்தை வென்றது. உலக இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவின் சோல் நகர அணி சிகாகோவை 8–4 என்ற கணக்கில் வென்று வெற்றியாளர் ஆனது.

சில மாதங்களுக்குப் பின், 2015 பிப்ரவரியில், லிட்டில் லீக் அமைப்பு சிகாகோ அணியின் அமெரிக்கப் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. அந்த அணிக்கு வரையறுக்கப்பட்ட எல்லைக்கு வெளியே வசித்த சிறுவர்கள் அணியில் சேர்க்கப்பட்டிருந்ததே காரணம். களத்தில் சாதித்ததை எண்ணிச் சிறுவர்கள் பெருமைப்படலாம். பெரியவர்களின் செயலால் இப்படி நேர்ந்தது வருந்தத்தக்கது என்று அமைப்பின் தலைவர் கூறினார்.

இப்போது இரண்டு அணிச் சிறுவர்களையும் நினைத்துப் பாருங்கள். வென்றவர்கள் கையிலிருந்த பட்டம் போய்விட்டது. அவர்கள் உண்மையாகவே ஓடினார்கள், அடித்தார்கள், வென்றார்கள். இருந்தும், பெரியவர்கள் விதியை மீறியதால் அவர்களும் ஒரு தோல்வியைச் சந்தித்தார்கள். அவர்களுக்கும் தலை நிமிரச் சொல்லும் ஒருவர் அன்று தேவைப்பட்டிருப்பார். தோற்ற கம்பர்லேண்ட் சிறுவர்களிடம் பறிப்பதற்குப் பட்டம் எதுவும் இல்லை. புல்வெளியில் கேட்ட சொற்கள் அவர்களிடமே இருந்தன.

பதிவேட்டில் உள்ள வெற்றி மாறக்கூடும். நேர்மையாக ஆடினோம் என்ற நிறைவு அப்படி மாறுவதில்லை. பயிற்றுநர்களும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு முதலில் தேடித் தர வேண்டியது அந்த நிறைவையே.

நாம் என்ன செய்யலாம்?

நீங்கள் பயிற்றுநர் அல்லர். ஆனாலும், நீங்கள் ஒரு குழுவின் தலைவராகவோ தோற்றுப்போன ஒருவரின் நண்பராகவோ இருக்கலாம். பூப்பந்து ஆட்டத்தில் கடைசிப் புள்ளியை இழந்துவிட்டு ஒரு தோழன் தனியாக அமர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனிடம், "விடுடா, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல" என்று சொன்னால் அவன் மனம் ஆறாது. அவனுக்கு அது பெரிய விஷயம்தான். மாறாக, "கஷ்டமாத்தான் இருக்கும். ரெண்டாவது செட்ல நீ அஞ்சு புள்ளி பின்னால இருந்து சமன் பண்ணினதை நான் பார்த்தேன். வா, சேர்ந்து போவோம்" என்று சொல்லிப் பாருங்கள். இதில் உண்மை இருக்கிறது, துணையும் இருக்கிறது.

வீட்டிலும் இப்படித்தான். போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில், "கடைசிப் பந்தை ஏம்ப்பா விட்டே?" என்ற கேள்வியே முதலில் வந்தால், அடுத்த முறை பிள்ளை அப்பாவைப் போட்டிக்கு அழைக்கத் தயங்குவான். "களைப்பா இருக்கா? ஏதாவது சாப்பிட்டுட்டுப் போவோமா?" என்று தொடங்கினால், பந்தைப் பற்றி அவனே பிறகு பேசுவான்.

தோற்றவர் நாமாக இருந்தால் என்ன செய்வது? அழுகை வந்தால் அழலாம். பிறகு எதிரணியினரிடம் சென்று கைகுலுக்க வேண்டும். நன்றாகச் செய்த ஒன்றையும், அடுத்த பயிற்சியில் திருத்த வேண்டிய ஒன்றையும் அன்று இரவு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். பழியை யார் தலையிலும் சுமத்தாமல் இருப்பதே கடினமான பகுதி. நம் தலையிலும் அதைச் சுமத்திக்கொள்ளக் கூடாது.

மீண்டும் அந்தப் பேருந்தை எண்ணிப் பாருங்கள். தண்ணீர்ப் புட்டியின் மூடி திறந்து மூடும் ஓசை மட்டும் கேட்கிறது. யாராவது ஒருவர் முதலில் பேச வேண்டும். அவர் நீங்களாக இருந்தால், என்ன சொல்வீர்கள்?

சொற்பொருள்

- பயிற்றுநர் – பயிற்சி அளிப்பவர்
- இழுபறி – யார் வெல்வார் என்று தெரியாத நிலை
- ஒலிவாங்கி – பேசுபவரின் குரலை வாங்கி அனுப்பும் கருவி
- எண்பலகை – ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்டும் பலகை
- வரையறுக்கப்பட்ட – எல்லை வகுக்கப்பட்ட
- நிறைவு – மனத்தில் தோன்றும் முழுமையான மகிழ்ச்சி

கருத்தறிதல் வினாக்கள்

1. பேஸ்பாலில் ஓர் ஓட்டத்தில் தோற்பது ஏன் அதிக வலியைத் தருகிறது?
2. பயிற்றுநர் பெலைலின் பேச்சை நாடே கேட்க நேர்ந்தது எப்படி?
3. "அடுத்த முறை வெல்லலாம்" என்ற ஆறுதல் கம்பர்லேண்ட் அணிக்கு ஏன் பொருந்தாது? வயது வரம்போடு தொடர்புபடுத்தி விளக்குக.
4. வெற்றுப் பாராட்டுக்கும் பெலைலின் பாராட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த நடையில் எழுதுக.
5. சிகாகோ அணிச் சிறுவர்கள் இழந்தது என்ன? அதற்கு யார் பொறுப்பு என்று நீங்கள் கருதுகிறீர்கள்? காரணம் தருக.
6. "தவறுகளைப் பேசுவதற்கு நேரமும் இடமும் உண்டு." இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? பள்ளி வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.

பேசுவோம்

இருவர் இருவராக இணையுங்கள். ஒருவர் போட்டியில் தோற்ற குழுவின் தலைவராகவும் மற்றவர் கடைசி வாய்ப்பைத் தவறவிட்ட ஆட்டக்காரராகவும் நடியுங்கள். பேச்சுத்தமிழில் இரண்டு நிமிடம் உரையாடுங்கள். பொய்யான ஆறுதலும் பழிச்சொல்லும் உரையாடலில் இடம்பெறக் கூடாது. பிறகு, பாத்திரங்களை மாற்றிக்கொண்டு மீண்டும் உரையாடுங்கள்.